இரண்டு கையெழுத்தும் நடக்காத ஒரு பேரமும்

2003-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 961 ரன் எடுத்தது. அமெரிக்கப் பேஸ்பாலின் முப்பது பெரிய அணிகளில் அந்த ஆண்டு வேறு யாரும் அவ்வளவு எடுக்கவில்லை. அடியின் வலுவை அளக்க அங்கே ஒரு கணக்கு உண்டு. மட்டை பிடித்த ஒவ்வொரு முறைக்கும் சராசரியாக எத்தனை தளம் கிடைத்தது என்பதே அது. பேப் ரூத்தும் லூ கெரிக்கும் ஆடிய 1927-ஆம் ஆண்டின் நியூயார்க் யாங்கீஸ் அணி அதில் வைத்த சாதனை எழுபத்தைந்து ஆண்டுக்கு மேல் நின்றது. அதைப் பாஸ்டன் முறியடித்து 0.491-இல் முடித்தது.

அக்டோபர் 16 அன்று அதே அணி யாங்கீஸிடம் தோற்று வெளியேறியது. பெரிய அணிகளின் இரண்டு லீகுகளில் இவர்கள் ஆடும் லீகின் இறுதிச் சுற்று, ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என முன்னிலையில் இருந்தது. களைத்துப்போயிருந்த பெட்ரோ மார்ட்டினெஸை மேலாளர் கிரேடி லிட்டில் மாற்றவில்லை. 123 பந்து வீசிவிட்டு அவர் இறங்கியபோது ஆட்டம் 5-5. பதினொன்றாவது இன்னிங்ஸில் டிம் வேக்ஃபீல்டின் முதல் பந்தையே யாங்கீஸின் ஏரன் பூன் பார்வையாளர் வரிசைக்குள் அடித்தார். அதோடு முடிந்தது. 1918-க்குப் பிறகு பேஸ்பால் பட்டம் பார்க்காத ஊர் அது. பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற பாவம்தான் துரத்துகிறது என்று பேச பாஸ்டனில் ஒரு பெருங்கூட்டமே இருந்தது. அந்தப் பேச்சு மறுநாளே திரும்பக் கிளம்பியது. சாபக் கதையில் ஒரு வசதி இருக்கிறது: அணியில் என்ன ஓட்டை என்று யாரும் தேட வேண்டியதில்லை.

தேட வேண்டியவர் தியோ எப்ஸ்டீன். 2002 நவம்பரில் 28 வயதில் பொது மேலாளர் ஆனவர். அதுவரை பேஸ்பால் வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் அந்தப் பதவிக்கு எவரும் வந்ததில்லை. 2003 அக்டோபருக்கும் 2004 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட அவருடைய குளிர்காலத்தைத்தான் இக்கட்டுரை பார்க்கிறது. அந்தக் குளிர்காலம் முன்யோசனையின் வெற்றி என்று பிறகு புகழப்பட்டது. அந்தப் புகழில் பாதி நியாயமானது. மறுபாதி, அவர் செய்யத் துடித்து முடியாமல் போன ஒன்றால் வந்தது.

ஓட்டை எங்கே இருந்தது?

961 ரன் எடுத்த அணி விட்டுக்கொடுத்த ரன் 809. மட்டைக்காரர்களைத் தேட வேண்டிய நிலை இல்லை என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். பேஸ்பாலில் ஒரு பந்துவீச்சாளர் இன்று ஆட்டத்தைத் தொடங்கினால் அடுத்து நான்கு நாள் ஓய்வெடுப்பார். ஆகவே தொடக்க வீச்சாளர் ஐவர் வேண்டும். மார்ட்டினெஸ் அந்த ஆண்டு உலகத் தரம்: 14 வெற்றி, 4 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 2.22 ரன் சராசரி. ஆனால் அவருடைய தோள் மென்மையானது. 29 ஆட்டங்களையே தொடங்கினார். டெரெக் லோவும் வேக்ஃபீல்டும் நம்பத் தகுந்தவர்கள். அதற்கப்பால் சரிவு. 39 வயதைத் தொட்ட ஜான் பர்கெட்டின் சராசரி ஐந்துக்கு மேல். அந்த இடத்தில் ஒரு தலைசிறந்த வீச்சாளரை வைத்தால் கூடும் ஆதாயம், ஏற்கெனவே வலுவான மட்டை வரிசையில் இன்னொரு நட்சத்திரத்தைச் சேர்ப்பதைவிடப் பெரிது. இது எளிய கணக்கு. செய்தித்தாள் தலைப்புகளுக்கு இந்தக் கணக்கு ருசிக்காது.

இரண்டாவது ஓட்டை கடைசி இன்னிங்ஸ்களில். இதற்கு ஒரு முன்கதை உண்டு. புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 2002 இறுதியில் பாஸ்டனின் ஆலோசகரானார். முன்னிலையைக் காப்பதற்கென்று ஒரே வீச்சாளரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஒதுக்கிவைக்கும் வழக்கம் அறிவார்ந்ததல்ல என்பது அவர் நெடுநாளாகச் சொல்லிவந்த வாதம். ஆட்டம் ஏழாவது இன்னிங்ஸில் தத்தளித்தால் சிறந்தவர் அப்போதே வரட்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2003-இன் முதல் ஆட்டத்தில், தாம்பா பே அணிக்கு எதிராக, ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-1 என்ற முன்னிலை கரைந்து 6-4 தோல்வியானது. கூட்டுப் பொறுப்பு என்ற சொல்லே பாஸ்டன் பத்திரிகைகளில் கேலிப்பொருளாயிற்று. மே மாதம் பியுங்-ஹியுன் கிம்மை வாங்கிப் பார்த்தார்கள். அதுவும் பருவத்தின் முடிவில் கசந்தது.

யோசனை தவறு என்று பலர் தீர்ப்பெழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குழுவாகப் பொறுப்பேற்க வேண்டியவர்களில் ஒருவர்கூட முதல் தரமில்லை என்பதுதான் சிக்கல். இதில் வேடிக்கை என்னவென்றால், 2003 அக்டோபரில் மைக் டிம்லின், ஆலன் எம்ப்ரீ, ஸ்காட் வில்லியம்சன் மூவரும் பிரமாதமாக வீசினார்கள். அவர்கள் தயாராக இருந்தும் லிட்டில் அழைக்கவில்லை. ஆறு மாதம் கண்ட சொதப்பல் மனத்தில் பதிந்துவிட்டால் பத்து நாள் திறமையை நம்பி முடிவெடுக்கக் கை வராது. லிட்டிலின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. டிசம்பரில் டெரி பிரான்கோனா மேலாளரானார். ஆனால் மேலாளரை மாற்றியதை மட்டும் அந்தத் தோல்விக்கான மருந்தாகக் கருதியிருந்தால் குளிர்காலம் வீணாகியிருக்கும்.

சந்தை இயங்கும் விதம்

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. பேஸ்பாலில் ஏல மேடை கிடையாது. பலகை தூக்குவதும் கிடையாது. பெரிய லீகில் ஆறு ஆண்டு சேவை முடிக்கும்வரை வீரர் தன் அணிக்குக் கட்டுப்பட்டவர். ஆறாண்டு முடிந்து ஒப்பந்தமும் தீர்ந்தால் எந்த அணியோடும் பேசலாம். இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1969-இல் தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்து கர்ட் ஃபிளட் வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவர் விட்ட இடத்தில் வீரர் சங்கம் தொடர்ந்து போராடி, 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸின் தீர்ப்பின் வழியாகக் கட்டை உடைத்தது. இந்த வரலாறு பின்னால் நமக்கு வேண்டும்.

அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வது இரண்டாவது வழி. வேண்டாமென்று ஓர் அணி பட்டியலில் போட்ட வீரரை, அவருடைய சம்பளச் சுமையோடு இன்னோர் அணி எடுத்துக்கொள்வது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வரம்பு: 2004-இல் மொத்தச் சம்பளம் 12.05 கோடி டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி. பாஸ்டன் அந்த வரம்பின் விளிம்பில் நின்றது. யாங்கீஸ் அதைப் பற்றிக் கவலைப்படாத அணி.

எப்ஸ்டீன் முந்தைய குளிர்காலத்தில் மூன்றாவது வழியையும் அதையொத்த சந்துபொந்துகளையும் நன்றாகப் பயன்படுத்தியிருந்தார். மின்னசோட்டா அணி வேண்டாமென்று விடுவித்த டேவிட் ஓர்டிஸை 12.5 லட்சம் டாலருக்கு எடுத்தார். ஃபுளோரிடா அணி கெவின் மில்லாரை ஜப்பானின் சுனிச்சி டிராகன்ஸுக்கு விற்றிருந்தது. அப்படி விற்கப்படும் வீரரை இடையில் புகுந்து யாரும் கோருவதில்லை என்பது எழுதப்படாத மரபு. பாஸ்டன் கோரியது. மரபு மீறல் என்று முணுமுணுப்பு எழுந்தது, மில்லார் மட்டும் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். பெரிதாக யாரும் போட்டியிடாத பில் மியூலரையும் எடுத்தார். மியூலர் 2003-இல் லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தார். பிட்ஸ்பர்க் கைவிட்ட பந்துவீச்சாளர் பிரான்சன் அரோயோவும் இதே வகையில் வந்தவர்.

சில்லறைக் கொள்முதலில் சாமர்த்தியம் காட்டியாகிவிட்டது. இப்போது தேவை மொத்தக் கொள்முதல்.

நன்றி நாள் விருந்து

அரிசோனாவின் கர்ட் ஷில்லிங்குக்கு அப்போது வயது 37. பட்டத்தைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் 2001-இல் ராண்டி ஜான்சனோடு சிறந்த வீரர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். செலவைக் குறைக்க நினைத்த அரிசோனா அவரை விற்கத் தயார். ஆனால் அவர் சம்மதிக்காமல் மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. யாங்கீஸும் கேட்டுப் பார்த்தது, விலை படியவில்லை. பாஸ்டன் கொடுக்க முன்வந்தது கேசி ஃபோஸம், பிராண்டன் லயன், ஹோர்ஹே டெ லா ரோசா ஆகிய பந்துவீச்சாளர்களையும் கீழ்நிலை லீக் வீரர் ஒருவரையும். ஷில்லிங்கைச் சம்மதிக்கவைக்கக் கிடைத்த அவகாசம் 72 மணி நேரம்.

எப்ஸ்டீனும் உதவியாளர் ஜெட் ஹோயரும் அரிசோனாவில் அவர் வீட்டுக்கே போனார்கள். நடுவில் நன்றி நாள் வந்தது. ஷில்லிங் குடும்பத்தோடு அமர்ந்து விருந்துண்டார்கள். ஷில்லிங் முகவர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தானே பேசினார். நவம்பர் 28 அன்று கையெழுத்தானது. 1986-இல் ஷில்லிங்கை முதலில் தேர்ந்தெடுத்ததே பாஸ்டன்தான். 1988-இல் மைக் பாடிக்கருக்காக அவரை பால்டிமோருக்குக் கொடுத்துவிட்டது. பதினைந்து ஆண்டு கழித்து, இளமையெல்லாம் வேறு ஊர்களில் செலவழிந்த பின், திரும்ப வாங்கியது.

கொடுத்த விலை சரியா? ஃபோஸம் 2004-இல் அரிசோனாவுக்காக 4 வெற்றி, 15 தோல்வி. லயன் காயத்தால் ஆடவே இல்லை. டெ லா ரோசா உடனே மில்வாக்கிக்குக் கைமாறினார். அரிசோனா அந்த ஆண்டு 111 ஆட்டங்களில் தோற்றது. ஷில்லிங் 21 ஆட்டங்களை வென்று ஆறில் மட்டும் தோற்றார். நடந்தபின் சொல்வது எளிதுதான். ஆனால் நடப்பதற்கு முன்பும் இது நல்ல பேரமே. 37 வயதுக்காரரிடம் எஞ்சியிருப்பது இரண்டு மூன்று நல்ல ஆண்டு. மார்ட்டினெஸ், லோ, கேட்சர் வேரிடெக், நோமார் கார்சியாபாரா எல்லோருக்கும் 2004-உடன் ஒப்பந்தம் முடிகிறது. அந்த ஓர் ஆண்டுக்குள் வென்றாக வேண்டிய அணிக்கு வயதான தலைசிறந்த வீச்சாளர் பொருத்தமான வரவு.

கடைசி இன்னிங்ஸுக்கு கீத் ஃபோக் வந்தார். 2003-இல் ஓக்லந்துக்காக 43 முறை முன்னிலையைக் காத்தவர், லீகில் அதுவே அதிகம். ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாக இருந்தார். வேகம் குறைவு, மெதுவாக வந்து ஏமாற்றும் பந்துதான் ஆயுதம். ஒரே இன்னிங்ஸோடு நிற்காமல் இரண்டு இன்னிங்ஸ் வீசவும் பழகியவர். 2004 ஜனவரியில் மூன்றாண்டு ஒப்பந்தம், 2 கோடி டாலருக்கு மேல். பில் ஜேம்ஸின் யோசனைக்கு உரிய ஆள் ஓராண்டு தாமதமாகக் கிடைத்தார். இரண்டாம் தளத்துக்கு கொலராடோவிலிருந்து மார்க் பெல்ஹார்ன் சில்லறை விலையில் வந்ததை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊரெல்லாம் பேசிய பேரம்

இந்த இரண்டு வரவுகளைவிடப் பல மடங்கு மை செலவானது இன்னொன்றுக்கு. டெக்சஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) அலெக்ஸ் ரோட்ரிகஸ், 2000 டிசம்பரில் பத்து ஆண்டுக்கு 25.2 கோடி டாலர் என்று கையெழுத்திட்டவர். 2003-இல் லீகின் சிறந்த வீரர். அவருடைய அணியோ பிரிவில் கடைசி. பாஸ்டனின் மட்டை நட்சத்திரம் மேனி ராமிரெஸுக்கு எட்டாண்டு 16 கோடி. அக்டோபர் இறுதியில் ராமிரெஸை பாஸ்டன் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்த பட்டியலில் போட்டது. ஈடாக ஒரு வீரரைக்கூடத் தர வேண்டாம். மிச்சமுள்ள ஏறக்குறைய 10 கோடிச் சம்பளத்தை ஏற்றால் போதும். இருபத்தொன்பது அணிகளில் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து வந்த திட்டம்: ராமிரெஸும் கீழ்நிலை லீகில் வீசிக்கொண்டிருந்த ஜான் லெஸ்டர் என்ற இளைஞரும் டெக்சஸுக்கு, ரோட்ரிகஸ் பாஸ்டனுக்கு. ரோட்ரிகஸ் வந்தால் ஷார்ட்ஸ்டாப்பில் கார்சியாபாராவுக்கு இடமில்லை; அவரை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து மக்லியோ ஓர்டோன்யெஸை வாங்குவது. கார்சியாபாரா அப்போது தேனிலவில் இருந்தார். அங்கிருந்தபடியே தன் விற்பனைச் செய்தியைக் கேட்டார்.

பணம்தான் முட்டுக்கட்டை. ரோட்ரிகஸின் மொத்தச் சம்பளத்தை 2.5 கோடி டாலருக்கு மேல் குறைத்தால்தான் பாஸ்டனுக்குக் கட்டும். ரோட்ரிகஸ் சரி என்றார். வீரர் சங்கம் முடியாது என்றது. ஒப்பந்தத்தின் மதிப்பைக் குறைப்பதானால் அதற்கு ஈடான ஆதாயம் வீரருக்குக் கிடைக்க வேண்டும் என்பது விதி. சங்கத்தின் ஜீன் ஓர்சா அதைக் காட்டி மறுத்தார். சிறிதளவு குறைப்புக்குச் சங்கம் இணங்கியது. அது பாஸ்டனுக்குப் போதவில்லை. டிசம்பர் நடுவில் பேரம் முறிந்தது.

ஒரு மனிதர் தன் பணத்தைத் தானே விட்டுக்கொடுக்க முன்வரும்போது சங்கத்துக்கு என்ன வந்தது என்று பாஸ்டனில் கோபம். சங்கம் செய்தது சரி என்பதே என் முடிவு. மிகப் பெரிய நட்சத்திரம் கையெழுத்தான தொகையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை ஆகிவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் நடுத்தர வீரர் ஒவ்வொருவரிடமும் முதலாளிகள் அதையே கேட்பார்கள். கர்ட் ஃபிளட் தன் ஆட்ட வாழ்க்கையைத் தொலைத்துத் தொடங்கிவைத்த உரிமையை, ஓர் அணியின் வரிக் கணக்குக்காகத் தளர்த்த அவர்கள் தயாராக இல்லை.

ஜனவரியில் ஏரன் பூன் கூடைப்பந்து விளையாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். யாங்கீஸுக்கு மூன்றாம் தளத்தில் ஆளில்லை. பிப்ரவரியில் அல்ஃபோன்சோ சொரியானோவையும் இன்னொரு இளைஞரையும் கொடுத்து ரோட்ரிகஸை அவர்கள் வாங்கினார்கள். மீதமிருந்த 17.9 கோடியில் 6.7 கோடியை டெக்சஸே ஏற்றது. பாஸ்டன் உரிமையாளர் ஜான் ஹென்றி சம்பள உச்சவரம்பு வேண்டும் என்று பொதுவில் புலம்பினார். அக்டோபரில் பாஸ்டனை வெளியேற்றிய பூனே ஜனவரியில் ரோட்ரிகஸையும் யாங்கீஸ் பக்கம் தள்ளிவிட்டார் என்று ரசிகர்கள் நொந்துகொண்டார்கள்.

எதிர்முகாமின் கொள்முதல்

யாங்கீஸின் குளிர்காலத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் படம் தெளிவாகும். ஆன்டி பெட்டிட், ரோஜர் கிளெமென்ஸ், டேவிட் வெல்ஸ் என்று மூன்று தொடக்க வீச்சாளர்கள் போய்விட்டார்கள். ஈடாக மாண்ட்ரியாலிலிருந்து ஹாவியர் வாஸ்கெஸ், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கெவின் பிரவுன். ஓட்டையைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். அடைத்த பொருள் தாங்கவில்லை. மட்டைக்கு கேரி ஷெஃபீல்டும் ரோட்ரிகஸும் சேர்ந்ததில், அந்த அணியின் பந்துவீச்சு மெலிந்துவிட்டதை ஏப்ரலில் கவனித்தவர்கள் குறைவு.

2004 அக்டோபரில் இரு அணிகளும் மீண்டும் மோதின. முதல் மூன்று ஆட்டமும் யாங்கீஸுக்கு. நான்காவது ஆட்டத்தில் ஏழாவது இன்னிங்ஸிலேயே ஃபோக் வந்து இரண்டரைக்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் ரன் விடாமல் வீசினார். அவர் தாங்கியிராவிட்டால் ஒன்பதாவது இன்னிங்ஸ் கதையே இல்லை. அந்த இன்னிங்ஸில் யாங்கீஸின் மரியானோ ரிவேராவிடம் மில்லார் இலவசத் தளம் பெற்றார். அவருக்குப் பதில் ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் தளத்தைத் திருடினார். மியூலர் அடித்தார், ஆட்டம் சமனானது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஓர்டிஸ் ஹோம் ரன். ஜூலையில் வந்த ராபர்ட்ஸைத் தவிர மற்ற மூவரும் 2002-03 குளிர்காலத்தின் சில்லறைக் கொள்முதல். ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களிலும் ஃபோக் வந்தார். மூன்று நாள் அடுத்தடுத்து. ஆறாவதில் கணுக்காலில் தையல் போட்டுக்கொண்டு ஷில்லிங் ஏழு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் விட்டார். பெல்ஹார்ன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். அதே ஆட்டத்தில் அரோயோவின் கையிலிருந்த பந்தை ரோட்ரிகஸ் தட்டிவிட்டு அவுட்டானதை பாஸ்டன்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் பிரவுன். இரண்டாவது இன்னிங்ஸிலேயே, தளங்கள் நிறைந்திருக்க, இறக்கப்பட்டார். அடுத்து வந்த வாஸ்கெஸின் முதல் பந்தை பாஸ்டனின் ஜானி டேமன் நான்கு ரன்னாக்கினார். 10-3. யாங்கீஸ் வாங்கிய இரு வீச்சாளர்களும் ஒரே இன்னிங்ஸில் உடைந்தார்கள். பிறகு உலகத் தொடரில் செயின்ட் லூயிஸை நான்கே ஆட்டத்தில் வீழ்த்தி, அக்டோபர் 27 அன்று பாஸ்டன் பட்டம் வென்றது. கடைசிப் பந்தைப் பிடித்து முதல் தளத்துக்கு எறிந்தவர் ஃபோக். உலகத் தொடரின் சிறந்த வீரர், ஓராண்டுக்கு முன் யாருமே இலவசமாகக்கூட வாங்கிக்கொள்ளாத ராமிரெஸ்.

கணக்கைப் பிரித்தல்

இப்போது எதிர்க்கேள்வி: டிசம்பரில் சங்கம் தலையசைத்திருந்தால்? ரோட்ரிகஸ் மட்டமான வீரரல்ல. 2005-இலும் 2007-இலும் லீகின் சிறந்த வீரர் விருது பெற்றவர். ஆனால் 2004-இல் ராமிரெஸ் 43 ஹோம் ரன்னோடு லீகில் முதலிடம், ரோட்ரிகஸ் 36. ஓர்டோன்யெஸ் முழங்கால் காயத்தால் 52 ஆட்டமே ஆடினார். ராமிரெஸையும் கார்சியாபாராவையும் கொடுத்து ரோட்ரிகஸையும் ஆண்டின் பெரும்பகுதி முடங்கிய ஓர்டோன்யெஸையும் பெற்றிருப்பார்கள். ஜூலையில் கார்சியாபாராவைக் கொடுத்து ஓர்லாண்டோ கப்ரேராவையும் டக் மின்ட்கேவிச்சையும் வாங்கித் தடுப்பாட்டத்தைச் சீராக்கிய வழியும் இருந்திருக்காது. இவை எதையும் 2003 டிசம்பரில் எப்ஸ்டீன் அறிந்திருக்க முடியாது. ரோட்ரிகஸ் வேண்டாம் என்று விலகியவரல்ல அவர். வேண்டும் என்று கடைசிவரை முயன்றவர்.

ஆகவே பாராட்டைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்த ரன்கள் 809-இலிருந்து 768-ஆகக் குறைந்தது அவருடைய கணிப்பின் பலன். ரன் எடுப்பது 961-இலிருந்து 949 என்று ஏறக்குறைய அங்கேயே நின்றது ராமிரெஸ் போகாததாலும்தான். அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர் ஓர்சா.

விலையும் இருந்தது. அந்த அக்டோபருக்குப் பிறகு ஃபோக் பழைய ஃபோக்காகத் திரும்பவில்லை. 2005-இல் முழங்கால் அறுவை, சராசரி 5.91. ஷில்லிங்குக்கும் அந்த ஆண்டு 5.69. இரண்டு பெரிய வரவுகளின் வலுவில் பெரும்பகுதியை ஒரே ஆண்டில் செலவழித்த அணி அது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். அவர்கள் வாங்கியதே அந்த ஓர் ஆண்டைத்தான்.

டெக்சஸுக்குப் போகவிருந்த ஜான் லெஸ்டர் பாஸ்டனிலேயே வளர்ந்தார். 2006-இல் புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்று மீண்டார். 2007 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தைத் தொடங்கி, ஆறாவது இன்னிங்ஸ்வரை ஒரு ரன்னும் விடாமல் வென்று பட்டத்தை முடித்துக் கொடுத்தவர் அவர்தான்.